பெட்டை நாய்க்கு ஊசியோ, ஒப்பரேசனோ, இல்லாட்டி வேலியை அடைச்சாக் காணுமோ?

போன கிழமை மானிப்பாயில இருக்கிற தங்கச்சி கோல் எடுத்து, "அக்கா, செல்லிக்கு அஞ்சு மாசமாகப் போகுது, ஊசி போடட்டோ ஒப்பரேசன் செய்யட்டோ, நீ பட்டனி தானே, சொல்லன்" எண்டு கேட்டவ. பட்டனான்தான், மறுக்கேலாது. அவவுக்கு ஃபோனில முக்கால் மணித்தியாலம் சொன்னதை அப்பிடியே எழுதி வைப்பம் எண்டுதான் இருக்கிறன், ஏனெண்டா இதே கேள்வியை எங்கட ஒழுங்கைக்குள்ளயே நாலு பேர் கேட்டிட்டினம்.

முதல்ல, இது ஏன் எங்கட ஊரில பெரிய பிரச்சினையா இருக்கு எண்டு பாருங்கோ. கடுவன் குட்டி எண்டா ஒரு கிழமையில ஆள் வந்து தூக்கிக்கொண்டு போயிடும். பெட்டைக் குட்டியைத் திருப்பிப் பாத்து, வாலைத் தூக்கிப் பாத்து, "ஐயோ பெட்டையே" எண்டு கீழ விட்டிட்டுப் போயிடுங்கள். மிஞ்சுற பெட்டையள் எல்லாம் உரபாக்குக்குள்ள போய் இரவோட இரவா சந்தைப் பக்கமோ வைரவர் கோயிலடியிலயோ இறங்கும். வைரவருக்கு நாய் வாகனம், அவர் பாப்பார் எண்டு ஒரு சாட்டு. இயக்கச்சியில சிவபூமி அறக்கட்டளை நடத்துற நாய்கள் சரணாலயம் இருக்குத்தான், ஆனா ஒவ்வொரு வீட்டிலயும் வருசத்துக்கு ரெண்டு தரம் பிறக்கிற குட்டியளுக்கு எத்தினை சரணாலயம் கட்டினாலும் காணாது. எங்கட பிரவுணியும் அப்பிடி ஒரு வைரவர் கோயிலடியில, மழைக்க, ஒரு கிழிஞ்ச சாக்கோட கிடந்தவதான். இவர் தூக்கிக்கொண்டு வர அம்மா படலையிலயே மறிச்சுக்கொண்டு, "பெட்டை நாய் வேண்டாம், பேந்து கரைச்சல்" எண்டவ. அம்மா சொன்ன கரைச்சல் எண்டது என்னெண்டு எங்களுக்கு ஒரு வருசம் கழிச்சுத்தான் விளங்கினது.

சரி, இருக்கிற வழியள் மூண்டு. ஒண்டும் செய்யாமல் பருவத்துக்கு வாற நேரம் மட்டும் அடைச்சு வைக்கிறது, குட்டி போடாத ஊசி போடுறது, ஒப்பரேசன் செய்யிறது.

அடைச்சு வைக்கிறதுதான் நாங்கள் முதல்ல செய்தது, அதுக்குக் காசு இல்லைத்தானே. நாய் பொதுவா ஆறு மாசத்தில இருந்து ஒரு வயசுக்குள்ள முதல் தரம் பருவத்துக்கு, அதாவது ஹீட்டுக்கு வரும், பேந்து அண்ணளவா ஆறேழு மாசத்துக்கு ஒருக்கா. ஒவ்வொரு தரமும் மூண்டு கிழமை அளவில இருக்கும். இதில கனபேர் பிழைவிடுற இடம் ஒண்டிருக்கு. முதல் ஒரு கிழமை, ஒன்பது நாள் மட்டில பின்பக்கம் வீங்கி இரத்தம் சொட்டும், சனம் அந்த நேரம் கவனமாக் கட்டி வைச்சிருப்பினம். பேந்து இரத்தம் குறைஞ்சு வெளிறின தண்ணி மாதிரி வரேக்க "ஆ, முடிஞ்சுது" எண்டு அவிட்டு விடுவினம். அதுதான் உண்மையில அவ கடுவனுக்கு நிண்டு குடுக்கிற நேரம்! இரத்தம் நிக்கிறது முடிவில்லை, அங்கதான் தொடக்கம். நாங்களும் இதையேதான் செய்தனாங்கள்.

விடிய நாலு மணிக்கு எழும்பிப் பாத்தா படலைக்கு வெளியில ஏழு கடுவன். ஒண்டு எங்கட பக்கத்து வீட்டுக்காரற்ர, ரெண்டு சந்திக் கடையடி நாய், மிச்சம் எங்க இருந்து வந்ததெண்டே தெரியாது. சண்டையும் ஊளையும், ஒண்டின்ர காது கிழிஞ்சு தொங்குது. நாங்கள் படலைக்குச் சங்கிலி போட்டு, மதிலுக்கு மேல தகரம் வைச்சு, எல்லாம் வடிவாச் செய்து போட்டு கிணத்தடிக்குப் பின்னால வேலியில ஒரு பொட்டு இருந்ததைப் பாக்கேல்ல. பனை மட்டைக்குக் கீழ, ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு பொட்டு. அதில இருந்த முள்ளுக்கம்பியில பிறகு பாத்தா கறுப்பு மயிர், செம்மயிர், வெள்ளை மயிர் எண்டு மூண்டு நிறத்தில ஒட்டிக்கொண்டு இருந்தது. கம்பி குத்துறதெல்லாம் அந்த நேரம் கடுவனுக்கு உறைக்காது.

நாய் கொழுவி நிக்கிறதைக் கண்டா பெடியள் கல்லெறியிறதும், பெரிய ஆக்களே வாளியோட தண்ணி ஊத்துறதும் எங்கட ஊர்ப் பழக்கம். தயவுசெய்து செய்யாதேங்கோ. கடுவனின்ர உறுப்பின்ர அடிப்பகுதி உள்ளுக்க வீங்கித்தான் அப்பிடி இறுகி நிக்குது, அஞ்சு நிமிசத்தில இருந்து முக்கால் மணித்தியாலம் வரைக்கும் இருக்கலாம், இழுத்தா ரெண்டுக்கும் காயம். அதோட, பிரிச்சு ஒரு பிரயோசனமும் இல்லை, விந்து முதலே போயிருக்கும். ஒரே தரம் போடுற குட்டியளுக்கு ரெண்டு மூண்டு தேப்பனும் இருக்கலாம், எங்கட அஞ்சு குட்டியைப் பாத்தவைக்கு அதில சந்தேகம் வந்திருக்காது.

அஞ்சில ரெண்டு கடுவன், ஒரு கிழமையில போயிட்டுது. மூண்டு பெட்டை. ஒண்டை ஒரு ரீச்சருக்கு கெஞ்சிக் குடுத்தன், ஒண்டு பார்வோ எண்ட வைரஸ் வருத்தம் வந்து இரத்தமா வயித்தால போய் ரெண்டு நாளில செத்திட்டுது, மற்றதை நாங்கள் வைச்சிருக்கிறம்.

அடைச்சு வைக்கிறதில இன்னொண்டும் இருக்கு. கட்டாக்காலி நாயளோட சேரேக்க குட்டி மட்டும் வாறேல்ல, பின்பக்கத்தில பூக்கோவா மாதிரி, தொட்டா இரத்தம் வாற ஒரு கட்டியும் தொத்தும். அது நாயில இருந்து நாய்க்கு உயிருள்ள கலமாவே ஒட்டிப் பரவுற புற்றுநோய். கிழமைக்கு ஒருக்கா ஊசி எண்டு கொஞ்ச நாள் தொடர்ந்து போட்டா பெரும்பாலும் மாறும், ஆனா அது சாதாரண ஊசி இல்லை, மனிசருக்குப் புற்றுநோய்க்குப் போடுற வின்கிறிஸ்டின். ஆகவே அடைச்சு வைக்கிறதுக்குச் செலவில்லை எண்டவை இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட்டுப் பாக்கவேணும்.

"ஒருக்காவெண்டாலும் குட்டி போடட்டும், இல்லாட்டி நாய்க்கு வருத்தம் வரும்" எண்டு சொல்லாத ஆள் எங்கட ஊரில இல்லை. அதில உண்மை இல்லை. ஒரு தரம் குட்டி போடுறதால நாயின்ர உடம்புக்கு வாற நன்மை எண்டு ஒண்டும் இல்லை.

இனி ஊசி. இதை எழுதத்தான் எனக்குக் கை கூசுது.

முதல்ல ஒரு சொல் குழப்பத்தைத் தீர்ப்பம். எங்கட ஊரில "நாய்க்கு ஊசி போட்டாச்சு" எண்டா அது விசர்நாய்த் தடுப்பூசியாவும் இருக்கலாம், குட்டி போடாத ஊசியாவும் இருக்கலாம். ரெண்டும் ரெண்டு விசயம், ஒண்டு மற்றதின்ர வேலையைச் செய்யாது. எங்கட ஒழுங்கையில ஒரு ஐயா மூண்டு வருசமா குட்டி போடாத ஊசியைப் போட்டுக்கொண்டு, விசருக்குத்தான் போடுறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவர். விசர் ஊசி குட்டியில தொடங்கி, டொக்டர் சொல்லுற கணக்குக்கு வருசத்துக்கு ஒருக்கா போடுறது, அதை எந்த வழியை எடுத்தாலும் விடேலாது.

குட்டி போடாத ஊசி எண்டது பெரும்பாலும் மெட்றொக்சிப்புறொஜெஸ்ரறோன் எண்ட ஹோர்மோன். கிளினிக்கில பொம்பிளையளுக்கு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா போடுற டெப்போ ஊசியில இருக்கிற அதே மருந்துதான். உடம்பை ஏமாத்தி ஹீட்டுக்கு வராமல் பிடிச்சு வைக்கும். நல்லது என்னெண்டா, ரெண்டு நிமிச வேலை, மயக்கத் தேவையில்லை, காயம் இல்லை, இழை இல்லை, அண்டைக்கே வீட்ட வந்து சோறு தின்னும். காசும் அந்த நேரத்துக்குக் குறைவு. வெளிநாட்டில இருந்து காசு வந்தாத்தான் வீட்டில ஏதும் பெரிசாச் செய்யிறது எண்டு இருக்கிற சனத்துக்கு இது எவ்வளவு ஆறுதல் எண்டு எனக்குத் தெரியும், நானும் அப்பிடித்தான் போனனான்.

ஆனா அந்த ஊசிக்கு ஒரு நேரம் இருக்கு. ஹீட் முடிஞ்சு நல்லா நாள் போய், அடுத்த ஹீட்டுக்கு முதல், உடம்பு அமைதியா இருக்கிற இடைவெளியிலதான் போடவேணும். ஹீட்டில நிக்கேக்க, இல்லாட்டி ஹீட் முடிஞ்ச கையோட போட்டா கருப்பைக்குள்ள சிதல், அதாவது சீழ், கட்டுற வருத்தம் வாறதுக்கு வழி திறந்து விடுறமாதிரி. வயித்தில குட்டி இருக்கேக்க போட்டா இன்னும் மோசம், நாள் கடந்தும் குட்டி வெளிய வராமல் உள்ளுக்கயே செத்துப்போகலாம். சரியான நேரத்தில போட்டாலும் திருப்பித் திருப்பி வருசக்கணக்கா போடேக்க முலையில கட்டி, சர்க்கரை வருத்தம், உடம்பு கொழுக்கிறது, ஊசி குத்தின இடத்தில மயிர் கொட்டுறது எண்டு வரலாம்.

பிரவுணிக்கு நாலாவது ஊசி போடப் போகேக்க டொக்டர் "கடைசியா எப்ப ஹீட்டுக்கு வந்தது?" எண்டு கேட்டவர். எனக்கு வடிவா ஞாபகம் இருந்தது, அதுக்கு முந்தின ஊசியை நாங்கள் பிந்தப்பண்ணினதால இடையில ஒருக்கா வந்து, முடிஞ்சு ரெண்டு கிழமைகூட ஆகேல்ல. ஆனா ஓட்டோக்காரர் வெளியில ஹோர்ன் அடிச்சுக்கொண்டு நிக்கிறார், திரும்ப வாறதெண்டா இன்னொரு ஓட்டோக் காசு, வாய் தானா "அது ஒரு மூண்டு நாலு மாசத்துக்கு முதல்" எண்டு சொல்லிப்போட்டுது. டொக்டரில பிழை இல்லை. நான் சொன்ன பொய்.

அஞ்சாவது கிழமை போல பிரவுணி தண்ணி குடிக்கத் தொடங்கினவ. வெக்கை, அதாலதான் எண்டு நினைச்சம். முத்தத்தில வைக்கிற அலுமினியச் சட்டி காலமை நிரப்பினா பத்து மணிக்கு வெறுமை, திரும்ப நிரப்பினா மத்தியானம் வெறுமை, கடைசியா கிணத்தடி வாய்க்காலில போய் நக்கிக்கொண்டு நிண்டவ. சூடை மீன் தலை போட்டாலும் மணந்து பாத்திட்டு விட்டிட்டா. அடுத்த நாள் விறாந்தையில அவ படுத்தெழும்பின இடத்தில, சிவப்புச் சீமெந்து நிலத்தில, பிசுபிசுப்பா ஒரு கோதுமைக்கஞ்சி நிறத் திட்டு. குனிஞ்சு மணந்தன், பழுதான இறைச்சி மணம். அப்பத்தான் கால் நடுங்கினது.

அண்டைக்கு இரவே வயித்தைத் திறந்து கருப்பையை எடுத்தது. டொக்டர் தட்டில வைச்சுக் காட்டினவர், சாதாரணமா ஒரு பென்சில் மொத்தத்தில இருக்கவேண்டிய சாமான் புட்டுக்குழல் மொத்தத்துக்கு வீங்கி, உள்ளுக்க முழுக்கச் சிதல். பிரவுணிக்கு வெளிய வடிஞ்சபடியால்தான் எங்களுக்குத் தெரிஞ்சது, கருப்பை வாய் மூடி உள்ளுக்கயே கட்டினா வெளியில ஒண்டும் தெரியாது, வயிறு மட்டும் ஊதும், உள்ளுக்க வெடிச்சா ஆள் இல்லை. நாலு நாள் சேலைன். நாலு ஊசிக்கும் மிச்சம் பிடிச்சன் எண்டு நினைச்ச காசைப் போல எத்தினையோ மடங்கு அந்த ஒரு கிழமையில போனது. இந்த வருத்தம் ஊசி போட்ட நாய்க்குத்தான் வரும் எண்டும் இல்லை. ஊசி போடாத, ஒப்பரேசனும் செய்யாத பெட்டைக்கும் வரும். சுவீடனில காப்புறுதி எடுத்த நாயளை வைச்சுப் பாத்த கணக்கொண்டில, பத்து வயசுக்கு முதல் நாலில ஒரு பெட்டைக்குக் கிட்ட இது வந்திருக்கு. ஹீட் முடிஞ்சு ரெண்டு மாசத்துக்குள்ள பெட்டை வழமைக்கு மாறா தண்ணி குடிச்சாலே கொண்டு ஓடுங்கோ.

அப்ப ஊசி எண்டதே கூடாதோ எண்டா, நான் அப்பிடிச் சொல்ல வரேல்ல. இருதய வருத்தம் மாதிரி ஏதாலும் இருந்து மயக்க மருந்து குடுக்கப் பயம் எண்டு டொக்டரே சொன்னா, இல்லாட்டி ஒப்பரேசனுக்கு நாள் கிடைக்க கொஞ்ச மாசம் ஆகும், அதுவரைக்கும் ஒரு பாலம் வேணும் எண்டா, ஹீட் திகதியை ஒழுங்கா எழுதி வைச்சிருக்கிற ஆள் ஒருக்கா போடலாம். கலண்டரில எழுதுங்கோ, எங்கட சுவர்க் கலண்டரில அட்டமி நவமிக்குப் பக்கத்தில இப்ப மகளின்ர பேனையால நாய்ப்படம் கீறியிருக்கு. ஆனா வாழ்நாள் முழுக்க இதிலயே ஓட்டுவம் எண்டா, நாலு மாசத்துக்கு ஒண்டு எண்டு வைச்சாலும் பத்து வருசத்தில முப்பது ஊசி. முப்பது ஓட்டோ. ஒண்டு பிந்தினாலும் படலையடியில ஏழு கடுவன். அதைக் கூட்டிப் பாத்தா ஒப்பரேசன்தான் மலிவு.

இதுக்குள்ள வேற கூத்துகளும் இருக்கு. பாமசியில பொம்பிளையளின்ர கர்ப்பத்தடைக் குளிசையை வாங்கிச் சோத்துக்க பிசைஞ்சு குடுக்கிறவையும் இருக்கினம், எத்தினை குளிசை எத்தினை நாள் எண்டு ஒரு கணக்கும் இல்லாமல். வேண்டாம். கொழுவினாப் பிறகு "கலைக்கிற ஊசி" கேட்டுப் போறதும் உண்டு. அதில பழைய ஈஸ்ரஜன் ஊசி என்பு மச்சையையே பழுதாக்கி இரத்தம் ஊறாமல் செய்யலாம், சிதல் வருத்தத்தையும் கொண்டு வரும். பிழையாச் சேந்திட்டுது எண்டா டொக்டரோட கதைச்சு, வளக்கிற நோக்கம் இல்லாட்டி நேரா ஒப்பரேசனுக்கு நாள் எடுக்கிறது கனதரம் சுகம்.

ஒப்பரேசனில என்ன செய்யினம் எண்டா சூலகம் ரெண்டையும், பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்து எடுக்கினம். "மனிசருக்குச் செய்யிறமாதிரி குழாயைக் கட்டி விட்டாக் காணாதே?" எண்டு இவர் கேட்டவர். காணாது. குழாயைக் கட்டினா குட்டி வராது, ஆனா ஹீட் வரும், கடுவன் வரும், சிதல் வருத்தமும் வரலாம். எடுத்துவிட்டா கரைச்சல் எல்லாம் ஒரேயடியா முடியும்.

இன்னொரு பெரிய நன்மை முலைப் புற்றுநோய். 1969இல வந்த ஒரு ஆய்வைத்தான் இண்டைக்கும் எல்லாரும் சொல்லுறவை. முதல் ஹீட்டுக்கு முன்னம் செய்தா, செய்யாத நாயோட ஒப்பிடேக்க ஆபத்து 0.5 வீதம்தான், முதல் ஹீட்டுக்குப் பிறகு 8 வீதம், ரெண்டாவதுக்குப் பிறகு 26 வீதம் எண்டு. 2012இல பழைய ஆய்வுகளை எல்லாம் திரும்ப எடுத்துப் பாத்தவை இதுக்கான ஆதாரம் அவ்வளவு பலமில்லை எண்டும் எழுதியிருக்கினம், ஆகவே இந்த இலக்கத்தை வேதவாக்கா எடுக்கத் தேவையில்லை. சிதல் வருத்தம் தப்புறது ஒண்டே எனக்குக் காணும்.

குறையளும் இருக்கு, ஒளிக்கேலாது. ஒப்பரேசனுக்குப் பிறகு உடம்புக்குச் சாப்பாடு கொஞ்சமாத்தான் தேவைப்படும், அதே கோப்பை சோறு வைச்சா ஒரு வருசத்தில நாய் உரல் மாதிரி ஆயிடும். முந்திப் போட்டதில கால்வாசி அளவைக் குறைச்சு, மாசம் ஒருக்கா விலாவில கை வைச்சு எலும்பு தட்டுப்படுதோ எண்டு பாருங்கோ. சில பெட்டையளுக்கு, விசேசமா பெரிய சாதியளுக்கு, வயசு போகேக்க படுத்திருக்கிற இடத்தில சலம் கசியலாம், அதுக்கு மருந்து இருக்கு. மயக்க மருந்தில ஒரு சின்னப் பயம் எப்பவும் இருக்கும்.

எத்தினை வயசில செய்யிறது எண்டதுதான் டொக்டர்மாரே பிடுங்குப்படுற இடம். ஜேர்மன் ஷெப்பேர்ட், லபறடோர், ரொட்வைலர் மாதிரி பெரிய சாதி எண்டா எலும்பு மூட்டு வளந்து முடியட்டும், ஒரு வயசுக்கு மேல விடுங்கோ எண்டு இப்ப கனபேர் சொல்லுகினம், அதில நியாயம் இருக்கு. ஆனா எங்கட ஊர் நாய்க்கு? என்ர அபிப்பிராயம், வயசைக் கேக்கமுதல் உங்கட வேலியைப் போய்ப் பாருங்கோ. வளவைச் சுத்தி ஆளுயர மதில், இரும்புக் கேற், பகல் முழுக்க வீட்டில ஆள் எண்டா ஆறுதலா இருங்கோ. பனை மட்டை வேலி, பக்கத்து வீட்டுக்குப் போற கண்டாயம், பால்காரர் திறந்துவிட்டிட்டுப் போற படலை எண்டா அஞ்சாறு மாசத்தில, முதல் ஹீட்டுக்கு முன்னமே செய்யுங்கோ. புத்தகம் எழுதினவைக்கு எங்கட கிணத்தடிப் பொட்டுத் தெரியாது.

ஹீட்டில நிக்கேக்க செய்ய டொக்டர்மார் விரும்பாயினம், அந்த நேரம் இரத்தக் குழாயெல்லாம் தடிச்சு நிக்கும். வந்து முடிஞ்சா ரெண்டு மூண்டு மாசம் விட்டுச் செய்விக்கிறது நல்லம். போறதுக்கு முதல் தடுப்பூசியள் போட்டு, பூச்சி மருந்து குடுத்து, உண்ணி கழட்டி வையுங்கோ. உண்ணி கூடின நாய்க்கு இரத்தம் குறைவா இருக்கும், சில உண்ணிக் காய்ச்சலில இரத்தம் உறையவும் சுணங்கும், ஆகவே சோர்ந்து போன நாய் எண்டா முதலே சொல்லி இரத்தத்தைச் சோதிப்பியுங்கோ. முதல்நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு இல்லை. "பாவம் பசிக்கும்" எண்டு விடிய அஞ்சு மணிக்கு அம்மம்மாமார் ஒளிச்சுப் பாணும் பாலும் குடுக்கிறதுதான் பெரிய ஆபத்து, மயக்கத்தில சத்தி எடுத்தா அது சுவாசப்பைக்குள்ள போயிடும். சின்னக் குட்டியளுக்கு மட்டும் பட்டினி நேரம் குறைவு, அதை டொக்டரிட்டக் கேளுங்கோ.

எங்க செய்யிறது? எங்கட பக்கத்தில அரசாங்க மிருக வைத்தியர் இருக்கிறார், தனியார் கிளினிக்குகள் இருக்கு, இடைக்கிடை இலவச முகாம் வைக்கிறவை. முகாம் எண்டா காசு மிச்சம், கை பழகின டொக்டர்மார், ஒரு நாளில கனக்கச் செய்யிறவை. ஆனா மயக்கம் முழுசாத் தெளியமுதல் கையில தந்து விடலாம், பிறகு இரவில ஏதும் எண்டா ஆரைக் கூப்பிடுறது எண்டதையும் கேட்டு வைச்சிருக்கவேணும். தெருவில நிக்கிற, ஆனா நீங்கள் சோறு போடுற நாய்க்கு முகாமை விட்டா வேற வழி இல்லை, பிடிச்சுக்கொண்டு போங்கோ. அப்பிடிச் செய்த நாய்க்குக் காது நுனியில சின்ன வெட்டு வைச்சு விடுறது கன நாடுகளில இருக்கிற வழக்கம், திரும்பப் பிடிச்சு வயிறு வெட்டாமல் இருக்க. வீட்டு நாய், கொஞ்சம் வயசு போனது, ஏற்கனவே ஊசி போட்டுப் பழகினது எண்டா காசைப் பாக்காமல் தனியாக் கொண்டுபோய், முதலே ஸ்கான் எடுத்துப் பாத்துச் செய்விக்கிறது நல்லம்.

வீட்ட வந்தாப் பிறகு பத்து நாள்தான் பாடு. முதல் இரவு நான் இவற்ர பழைய சாரத்தை நாலா மடிச்சு விறாந்தையில போட்டு அவவுக்குப் பக்கத்தில பாய் விரிச்சுப் படுத்தனான். இடைக்கிடை உதட்டைத் தூக்கி முரசைப் பாக்கிறது, இளஞ்சிவப்பா இருந்தா நிம்மதி, வெள்ளைக் கடதாசி மாதிரி வெளிறினா உள்ளுக்க இரத்தம் போகுது எண்டு அர்த்தம், விடியும் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கேலாது. கழுத்தில போடுற பிளாஸ்ரிக் கூம்போட பிரவுணி கதிரை, கதவு, மாமரம் எண்டு எல்லாத்திலயும் இடிச்சு, கடைசியா சட்டியில வாய் வைக்கேலாமல் என்னைப் பாத்து ஒரு பார்வை பாத்தா. அதைக் கழட்டிப் போட்டு மகன்ர பழைய பெனியனை முன்னங்கால் ரெண்டும் கைக்குள்ளால போற மாதிரிப் போட்டு, பின்பக்கம் முதுகில முடிஞ்சு விட்டம், சலம் போகேக்க மட்டும் அவிழ்க்கிறது. இழையை நக்க விடாட்டிக் காணும், எதால மூடினாலும் சரி. மஞ்சள், வேப்பெண்ணெய், தேங்காயெண்ணெய் ஒண்டும் பூசாதேங்கோ, காயம் காய்ஞ்சு இருக்கட்டும், குளிக்க வாக்கவும் வேண்டாம். நோவுக்கு வீட்டில இருக்கிற குளிசை குடுக்கவே கூடாது, அதைப் பூனையில வரேக்க சொல்லுறன்.

கடுவன் வைச்சிருக்கிறவை "எங்களுக்கு என்ன" எண்டு இருக்கினம். கடுவனுக்கு ஒப்பரேசன் லேசு, வயித்தைத் திறக்கத் தேவையில்லை, கெதியா மாறும். பெட்டை மணத்துக்கு மதில் பாஞ்சு ஓடுறது, கண்ட கண்ட சக்கரத்துக்கு எல்லாம் காலைத் தூக்கிறது குறையும், ஓடிப்போய் வாகனத்தில அடிபடுறதும் குறையும். காவல் காக்கிற குணம் போயிடும் எண்டு பயப்பிடுகினம், அது போகாது. அதேநேரம், பயத்தில கடிக்கிற நாய் ஒப்பரேசனால திருந்தும் எண்டும் நினைக்காதேங்கோ. ஆனா ஒழுங்கையில பத்துக் கடுவனில ஒன்பதுக்குச் செய்தாலும் மிச்ச ஒண்டு காணும் எல்லாப் பெட்டைக்கும், ஆகவே காசு ஒண்டுக்குத்தான் இருக்கு எண்டா பெட்டைக்குச் செய்யுங்கோ.

பூனை வேற கணக்கு. பூனையை அடைச்சு வைச்சுத் தப்பலாம் எண்டு கனவும் காணாதேங்கோ, ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில நாலு விரல் இடம் இருந்தாப் போயிடும். நாய் மாதிரி வருசத்துக்கு ரெண்டு தரமும் இல்லை, வெயில் வெளிச்சம் வருசம் முழுக்க இருக்கிற எங்கட நாட்டில எப்பவும் வரும், கடுவனோட சேராட்டி ரெண்டு மூண்டு கிழமையில திரும்ப வந்து இரவிரவா குழந்தை அழுற மாதிரிக் கத்தும். நாலு மாசத்திலயே தொடங்கிற பூனை இருக்கு. குட்டிக்குப் பால் குடுத்துக்கொண்டிருக்கேக்கயே அடுத்ததுக்குச் சினைப்படும். பூனைக்கு அந்த ஹோர்மோன் ஊசி போட்டா முலை முழுக்கத் தேங்காய்க் குரும்பை மாதிரி வீங்கிறதும் உண்டு, சர்க்கரையும் வரலாம். அதோட பூனைக்கு முலையில வாற கட்டியில பெரும்பாலானது புற்றுநோய்தான், நாயைப் போல பாதிக்குப் பாதி எண்டில்லை. ஆகவே பூனையில ஒப்பீடே இல்லை, நாலு அஞ்சு மாசத்தில ஒப்பரேசன். பிறகு நோவுக்கு எண்டு பனடோல் குடுத்திடாதேங்கோ, ஒரு குளிசையே பூனையைக் கொல்லக் காணும், பூனையின்ர ஈரலுக்கு அதை உடைக்கிற வழி இல்லை. நாய்க்கும் பனடோல், புறூபன் எல்லாம் வீட்டுக் கணக்கில குடுக்கக் கூடாது.

பாவம் எண்டு ஒரு கதையும் இருக்கு, எழுதாமல் விட்டா அம்மா கோவிப்பா. "வாயில்லாச் சீவனின்ர வயித்தை வெட்டி வம்சத்தை அறுக்கிறது பாவமடி" எண்டு அவ சொன்னவ. உரபாக்குக்குள்ள கண் திறக்காத குட்டியைக் கட்டி வைரவர் வாசலில விடுறது என்ன கணக்கு எண்டு நான் கேட்டன். அம்மா ஒண்டும் பறையாமல் குசினிக்குள்ள போயிட்டா. இப்ப பிரவுணிக்குப் பழஞ்சோறு குழைச்சு வைக்கிறது அவதான், நான் குறைச்சு வைச்சா பின்னால போய்க் கூட்டி வைக்கிறதும் அவதான்.

தங்கச்சியிட்ட முதல்ல கேட்டது வேலியைத்தான். முன்னுக்கு மதில், பின்னுக்கு இன்னும் கிடுகு, பக்கத்து வளவு பத்தை எண்டா. செல்லி ஊர் நாய், அஞ்சு மாசம், தடுப்பூசி முடிஞ்சுது. சரி, இந்த மாசக் கடைசியில நாள் எடு, அதுவரைக்கும் ஊசி ஒண்டும் வேண்டாம் எண்டன். பேந்து ஃபோனை வைக்கிற நேரம் பின்னுக்கு ஒரு சத்தம் கேட்டுது, ஆவெண்டு இழுத்துக் கத்துற சத்தம். "அது ஆரடி?" எண்டன். "அது கறுவா, அக்கா, எங்கட பூனைக்குட்டி, ரெண்டு நாளா வயித்துக்குத்தாக்கும், நிலத்தில உருண்டு உருண்டு கத்துது, ஓமத்தண்ணி குடுத்தனான்" எண்டா.

நாளைக்கு விடியவே செல்லியை விட்டிட்டுப் பூனையைக் கொண்டு ஓடு எண்டு சொல்லிப் போட்டு வைச்சன்.